பயமுறுத்திப் பழக்கம் வராது

“மனசு வைச்சா முடியும்.” சீனி வருத்தம் என்று தெரிந்ததும் கொழும்புத் தமிழ் வீடுகளில் ஒருவருக்கு முதலில் சொல்லப்படுவது இதுதான். வைத்தியர் சொல்வார், மகள் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். ஆறு மாதம் கழித்தும் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை என்றால் தீர்ப்பும் தயாராக இருக்கும்: மனசு வைக்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனை மருந்துக் கடைகளிலும் அன்றாடம் காதில் விழும் இந்தத் தீர்ப்பு பிழையானது. வெறும் பிழையாக இருந்தால் பேசாமல் விட்டிருக்கலாம். அது நோயாளியை வெட்கப்பட வைக்கிறது, கிளினிக் பக்கமே தலைகாட்டாமல் ஒதுங்கச் செய்கிறது, கடைசியில் அவரை இன்னும் பெரிய நோயாளியாக்குகிறது. அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். எதைச் சாப்பிடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நடக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் செய்யாதவரிடம் கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு இல்லாதவரைப் பயமுறுத்தித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கால் போகும், கண் போகும், கிட்னி போகும் என்று சொன்னால் திருந்துவார். இதைச் சொல்பவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். பெரும்பாலும் அந்த நோயாளியை அதிகம் நேசிப்பவர்களே இப்படிப் பேசுகிறார்கள். அதனால்தான் இந்தக் கருத்தை அசைப்பது கடினமாக இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018–2019இல் எடுக்கப்பட்ட இன்னொரு நாடளாவிய ஆய்வில் வயதுவந்தவர்களில் 23 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து விடை சொல்லக் கூடாது. ஆனாலும் போக்கு எந்தத் திசையில் என்பதில் சந்தேகமில்லை. பதின்மூன்று வருடத்துக்குள் ஒரு நாட்டு மக்களின் மனவுறுதி பாதியாகிவிட்டது என்று யார் வாதிடுவார்? கிராமத்தைவிட நகரத்தில் இந்த நோய் கூடுதல். வவுனியாவிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்து காலி வீதியோரம் குடியேறிய ஒருவருக்கு வந்த சில வருடங்களிலேயே மனக்கட்டுப்பாடு கரைந்துபோகிறதா? மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களைச் சுற்றியிருந்த சாப்பாடும் வேலையும் தெருவும் மாறிவிட்டன.

இனி நமது சனங்களின் மனவுறுதியைப் பற்றி. ஐப்பசியில் கந்தசஷ்டி வருகிறது. ஆறு நாளும் ஒருநேரப் பாலும் பழமும் என்று இருப்பவர்கள் வெள்ளவத்தையில் எத்தனை பேர்! அதற்கு முன்னர் கேதாரகௌரி விரதம், 21 நாள். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் தவக்காலத்தின் 40 நாளும் இறைச்சி வாங்காத குடும்பங்கள் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் மூட்டை தூக்குபவர்களைப் புறக்கோட்டையில் யாரும் காணலாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக நடக்கும் பாதயாத்திரையில் போகிறவர்களில் எத்தனையோ பேர் முழங்கால் தேய்ந்த அம்மாமார். சீனியை விடமுடியாதவர், நடக்கப் பஞ்சிப்படுபவர் என்று வீட்டில் பெயர் வாங்கிய அதே ஆட்கள்தான் இவர்கள். கட்டுப்பாடு இல்லை என்று இவர்களைப் பார்த்துச் சொல்வதற்கு யாருக்கு வாய் வரும்?

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் விரதம் இருப்பது ஆபத்து. சீனி திடீரென இறங்கி மயங்கி விழுந்துவிடலாம். நான் விரதத்தை வைத்தியமாகச் சொல்லவில்லை, சாட்சியாகச் சொல்கிறேன்.)

விரதத்தைவிட வலுவான சாட்சி வெள்ளிக்கிழமை. சைவக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. சிலருக்குச் செவ்வாயும் இல்லை. ஐம்பது, அறுபது வருடமாக, ஒரு வெள்ளிகூடத் தவறாமல், கனடாவுக்குப் போனாலும் விடாமல் இதைக் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. அதை அவர்கள் ஒரு சாதனையாக எண்ணுவதில்லை. யாரும் அவர்களைத் தட்டிக்கொடுப்பதில்லை; பயமுறுத்துவதும் இல்லை. அந்தச் சமையலறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வியாழன் இரவே மீன்சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். வெள்ளி காலை பருப்பும் கீரையும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அடுப்பில் ஏறும். எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே சட்டி. “இண்டைக்கு வெள்ளி” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். காரணம் அவரவருடையது, நாள் எல்லோருக்கும் பொது, சமையல் வீட்டுக்கே ஒன்று. நிலைத்து நிற்கும் பழக்கத்துக்கு வேண்டியவை அத்தனையும் அந்த அடுப்படியில் இருக்கின்றன.

அதே வீட்டில் அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு நடப்பது என்ன? மற்றவர்களுக்கு மாப்புட்டும் சொதியும். அவருக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் குரக்கன் புட்டு. அவருடைய தேத்தண்ணி தனி, அவருடைய பிஸ்கட் தனி. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது “அப்பாவுக்குக் குடுக்காதேங்கோ” என்று பிள்ளை எல்லோர் முன்னாலும் சொல்லும். ஐம்பது வருடம் குடும்பத்துக்கு உழைத்தவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒதுக்கிவைக்கப்படுகிறார். பின்னேரம் அவர் சந்திக் கடைக்குப் போய் ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பிளேன்டீயும் யாருக்கும் தெரியாமல் எடுத்தால், அதைக் கட்டுப்பாடின்மை என்கிறோம். எனக்கு அதில் தெரிவது வேறு. பறிக்கப்பட்ட மரியாதையை அவர் அந்தக் கடை வாங்கில் உட்கார்ந்து மீட்டுக்கொள்கிறார். இதற்கு மேலும் திட்டினால் இன்னும் தூரத்துக் கடைக்குப் போவார்.

இப்போது பயத்துக்கு வருவோம்.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் காலைநேரக் கிளினிக். நம்பர் எடுத்தவர்கள் மடியில் கிளினிக் கொப்பியோடு வாங்கில் நெருங்கி இருக்கிறார்கள். உள்ளே ஓர் இளம் வைத்தியர். அவருக்கு முன்னால் அடுக்காகக் கொப்பிகள். ஓர் ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் மத்தியானத்துக்குள் வரிசை முடியாது. “அம்மா, இப்பிடியே போனா கால் எடுக்க வேண்டி வரும். விளங்குதா?” “ஓம் டொக்டர்.” “சோத்தைக் குறைக்கச் சொன்னேன்தானே?” “குறைச்சுத்தான் இருக்கு டொக்டர்.” கொப்பியில் மாத்திரையின் அளவு கூட்டி எழுதப்படுகிறது. அடுத்த நம்பர். அந்த அம்மா பொய் சொன்னார் என்பது வைத்தியருக்குத் தெரியும். வைத்தியருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். இருவரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை.

பயம் எதைச் செய்ய வைக்கிறது என்பது கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாளில் தெரியும். இரத்தம் கொடுக்கும் திகதி நெருங்கியதும் வீட்டில் திடீரென்று பாகற்காயும் வெந்தயமும் தலைகாட்டும். சோறு பாதியாகும். பழக்கமில்லாத நடை ஒன்று நடக்கப்படும். பரீட்சைக்கு முதல்நாள் விழித்திருந்து படிக்கும் மாணவனைப் போல அந்த ஒரு காலை இரத்தத்துக்காக உடம்பைத் தயார்செய்கிறார்கள். வெறும்வயிற்றுச் சீனி ஓரளவு இறங்கியும் விடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை செய்தால்தான் உண்மை வெளிவரும். இதில் ஏமாற்று என்று கோபப்பட ஒன்றுமில்லை. பயந்த மனிதர் பயம் வருகிற இடத்தைச் சமாளிக்கிறார், அவ்வளவுதான். அவருக்குப் பயம் கிளினிக்கில் இருக்கிறது. காலையும் கண்ணையும் பற்றிய பயம் அங்கே சொல்லப்படும்போது மட்டும் எழுந்து, வீதியில் இறங்கியதும் அடங்கிவிடுகிறது. அடங்காமல் இருந்தால் அது இன்னும் மோசம். அப்படிப்பட்டவர் அடுத்த கிளினிக்குக்கு வரவே மாட்டார். பாதத்தில் புண் வந்து, அது மணக்கத் தொடங்கிய பிறகுதான் வருவார்.

ஆனால் அந்த இரண்டு நாளும் ஒன்றை நிரூபிக்கின்றன. அவருக்கு எல்லாம் தெரியும், செய்யவும் முடியும். அறிவும் ஆற்றலும் இருந்தும் மூன்றாம் நாள் எல்லாம் நின்றுபோகிறது என்றால், குறைவது வேறொன்று: அந்த நடைக்கும் அந்தப் பாகற்காய்க்கும் அவர் சொந்தக் காரணம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. காரணம் வைத்தியருடையது, மகளுடையது, இரத்தப் பரிசோதனைத் தாளுடையது.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் இதைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு ஊக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, அது யாருடைய ஊக்கம் என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆய்வின் மையம். 1996இல் அவர்களும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிகையான உடற்பருமன் உள்ள 128 பேர் ஆறு மாத எடைகுறைப்புத் திட்டமொன்றில் சேர்ந்திருந்தார்கள். ஒழுங்காக வந்தவர்களும், குறைத்த எடையை 23ஆம் மாதத்திலும் காப்பாற்றி வைத்திருந்தவர்களும் பெரும்பாலும் தங்கள் சொந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். அந்தத் திட்டத்தை நடத்தியவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று உணர்ந்தவர்களிடமே இந்தச் சொந்த ஊக்கம் கூடுதலாக வளர்ந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு கண்டது. இந்த இரண்டாவது முடிவுதான் எனக்கு முக்கியம். மற்றவர்கள் ஒருவரை நடத்தும் விதத்தால் அவருடைய ஊக்கம் கூடும், குறையும். அப்படியானால் “அவருக்கு ஊக்கமில்லை” என்று சொல்லும் வைத்தியரும் குடும்பமும் தங்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறார்கள்.

“மாரடைப்பு வந்த பிறகு ஒரே நாளில் சிகரெட்டை விட்டவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறாரே” என்று ஒருவர் கேட்பார். இருக்கிறார்கள், நானும் கண்டிருக்கிறேன். பயம் ஒன்றைத் தொடக்கிவைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அது பத்து வருடம் தாங்காது என்கிறேன். விட்ட சிகரெட்டைப் பத்து வருடம் தொடாமல் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். மாரடைப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் பேத்தியைப் பற்றியோ, விட்டுப்போன ஒரு வேலையைப் பற்றியோ, மூச்சு வாங்காமல் கோயில் படி ஏறுவதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். பயம் கழன்று போன இடத்தில் அவருடைய சொந்தக் காரணம் வந்து உட்கார்ந்திருக்கும். அது வராதவர்கள் ஆறு மாதத்தில் பெட்டிக்கடைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை நாம் உதாரணமாகச் சொல்வதில்லை.

கட்டாயமும் பழக்கத்தை உண்டாக்காது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கும்வரை வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு நடந்தே வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். பழைய சைக்கிள்கள் பரணிலிருந்து இறங்கின. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், பாணும் சீனியும் கேக்கும் தாமாகவே குறைந்தன. கொழும்பில் இவ்வளவு பெரிய கட்டாய நடையும் கட்டாயப் பத்தியமும் அண்மைக் காலத்தில் நடந்ததில்லை. பெற்றோல் வந்தது. அந்த நடை எங்கே? இல்லாமையால் நடந்தவர்கள் இல்லாமை தீர்ந்ததும் நின்றார்கள். அந்த நாட்களை நினைத்தால் அவர்களுக்குக் கால்வலியும் அவமானமும்தான் ஞாபகம் வரும்.

இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும். அதை நான் மதிக்கிறேன். ஊக்கம், சொந்தக் காரணம் என்று பேசுவதே பிழை, எல்லாம் சூழல்தான், விலையையும் வரியையும் தெருவையும் மாற்றுங்கள், மனிதர்கள் மாறுவார்கள் என்கிறது அது. பாதிக்கு மேல் உடன்படுகிறேன். 2016 ஓகஸ்டில் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. அடுத்த வருடமே அது குறைக்கப்பட்டது. குறைத்திருக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. தெருவைப் பற்றியும் அவர்கள் சொல்வது சரி. வெள்ளவத்தையில் ஒருவருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது: ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், பின்னேரக் காற்று. பழைய நெசவாலைக் காணியில் எழுந்த ஹவ்லொக் சிட்டி மாடிகளில் குடியிருப்போருக்கு உள்ளேயே உடற்பயிற்சிக்கூடமும் நீச்சல் தடாகமும் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியோரத்துத் தோட்டமொன்றில் ஒற்றை அறையில் ஐந்து பேராக வாழும் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள், கடைக்காரர் சாமான் பரப்பிய நடைபாதை, இருட்டிய பின் பெண்பிள்ளையை வெளியே விடப் பயப்படும் தெரு. அவர்களிடம் போய் “தினம் அரை மணி நேரம் நடவுங்கோ” என்று சொல்லிவிட்டு, நடக்காவிட்டால் மனசில்லை என்பது அநியாயம்.

ஆனால் சூழல் மட்டும் போதும் என்றால் மரைன் டிரைவுக்கு ஐந்து நிமிட நடையில் குடியிருக்கும் எல்லோரும் அங்கே நடந்துகொண்டிருக்க வேண்டும். நடக்கவில்லை. நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். வருடக்கணக்காக வருபவர்கள் தனியாக வருவதில்லை. வெள்ளவத்தை மாடிகளில் வயதான பெற்றோர் தனித்திருக்கிறார்கள்; பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில். தொலைபேசியில் வரும் அன்பு முழுவதும் விசாரணையாகவே வருகிறது: “குளுசை போட்டீங்களா? நடந்தீங்களா? ஏன் நடக்கேல்ல?” அதோடு வெந்தயத் தண்ணி பற்றிய காணொளி ஒன்றும் வரும். அந்த அம்மாமாரில் சிலர் ஐந்தரை மணிக்குச் சப்பாத்து மாட்டி இறங்குவது சீனிக்காக அல்ல. கீழே இன்னும் இரண்டு பேர் காத்திருப்பார்கள் என்பதற்காக. ஊர்க்கதை, கோயில்கதை, மருமகள்கதை எல்லாம் ரயில் பாதையோரம் நடந்துகொண்டே பேசப்படும். பேச்சுக்காக நடக்கிறார்கள், சீனி கூடவே இறங்குகிறது. அந்தக் காரணம் மருத்துவ நூலில் இல்லாதது என்பதால் அதை யாரும் காரணமாக மதிப்பதில்லை. எனக்கு அதுதான் முதல்தரமான காரணம். அது அவர்களே கண்டுபிடித்தது, நாளைக்கும் இருக்கும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வேறு காரணங்கள். புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணியிலிருந்து அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் அவர் முதுகில். அவருக்கும் சீனி வருத்தம் வருகிறது. உடற்பயிற்சி செய்யச் சொல்வது அவரை அவமதிப்பது. சோற்றைக் குறைக்கச் சொன்னால் பத்து மணிக்கு மூட்டையின் கீழ் கால் நடுங்கும். அவரிடம் செய்ய வேண்டியதைச் சொல்லாமல், “இதில உங்களுக்கு எது முடியும் அண்ணே?” என்று யாராவது கேட்டால் அவர் யோசிப்பார். லொறிகளுக்கு நடுவே நின்றபடி ஒரு நாளில் ஏழெட்டுத் தரம் குடிக்கும் தேத்தண்ணியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. அதில் ஒரு கரண்டியைக் குறைக்கலாம் என்று அவரே சொல்வார். ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் பதில் இருக்கும்: காலில் புண் வந்து ஒரு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் கிழமை வீட்டில் அடுப்பு எரியாது. இருபது வருடம் கழித்துப் பழுதாகப்போகும் கிட்னியைவிட இது அவருக்கு உறைக்கிற காரணம். ஏழெட்டுத் தேத்தண்ணியில் ஒவ்வொரு கரண்டி குறைந்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கரண்டி. எந்தப் பயமுறுத்தலும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. அவரைக் கேட்டிருந்தால்தானே போட்டிருக்க முடியும்.

இடையில் 21 நாள் கதை ஒன்று உலவுகிறது. 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று தொழிற்பயிற்சி வகுப்புகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சத்தியம் செய்கிறார்கள். மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பி, போகப்போகத் திரிந்த கதை அது. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுத்த காலம் நடுவளவில் 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இருபத்திரண்டாம் நாளிலும் நடை கஷ்டமாக இருப்பதைக் கண்டு “எனக்கு மனசில்லை” என்று சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பயமுறுத்தாமல், திட்டாமல் வேறெப்படிச் செய்வது? செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் கொழும்பிலேயே. வைத்தியர் மகேன் விஜேசூரியவும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. கொழும்பு நகர்ப்புறத்தில் நோய் இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்புள்ள 4,672 பேர். சிறுவரிலிருந்து 40 வயதினர் வரை. ஒரு பகுதியினருக்கு உணவு, உடலசைவு, மனவழுத்தம் பற்றிய ஆலோசனை வருடத்துக்கு ஒரு தடவை. மற்றப் பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆலோசனை சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்லர், அதற்கெனப் பயிற்றப்பட்ட சாதாரண ஆட்கள். நடுவளவில் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, அடிக்கடி சந்திக்கப்பட்டவர்களிடம் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் முன்னோடியான கோளாறுகள் 11 சதவீதம் குறைவாகத் தோன்றியிருந்தன. 11 சதவீதம் பெரிய எண் இல்லை என்று சொல்லலாம். ஆனால் எதோடு ஒப்பிட்டு? மற்றவர்களும் ஆலோசனை பெற்றவர்களே. கூடுதலாகக் கிடைத்தது திரும்பத் திரும்ப வந்து “எப்பிடிப் போகுது?” என்று கேட்கும் ஒரு மனிதர்.

சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. வழமையான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து துணை கிடைத்தவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு. 3,234 பேரைக் கொண்டு 2002இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 58 சதவீதத்தால் குறைத்தது, மெட்போமின் மாத்திரை 31 சதவீதத்தால். அங்கே வாழ்க்கைமுறைப் பிரிவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனக்கென ஓர் ஆலோசகர் இருந்தார். அவரோடு உட்கார்ந்து 16 பாடம் படித்தார்கள். அங்கிருந்தவர்கள் கொட்டாஞ்சேனைக்காரரைவிட மனவுறுதி கூடியவர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் தனியாக விடப்படவில்லை.

“இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்று வைத்தியர்கள் கேட்பார்கள். மூன்று நிமிடத்தில் சொந்தக் காரணத்தைத் தேட முடியாதுதான். அவர்கள்மேல் பழிபோட நான் இதை எழுதவில்லை. அந்தக் கொப்பி அடுக்கு எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நிமிடத்தில் பயமுறுத்த முடிகிறதென்றால் அதே மூன்று நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்கவும் முடியும்: “போனமுறை சொன்னதில எது செய்யக் கஷ்டமா இருந்தது?” உண்மையான பதில் வரும், ஏனென்றால் அதில் குற்றச்சாட்டு இல்லை. மிச்ச வேலைக்கு வைத்தியர் தேவையில்லை என்பதைக் கொழும்பு ஆய்வே காட்டிவிட்டது.

2011இலிருந்து அரசாங்கம் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நடத்தி வருகிறது. இலவசமாக எடை, இரத்த அழுத்தம், சீனி பார்ப்பார்கள், ஆலோசனையும் உண்டு. வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் மிகக் குறைவு. இதற்கும் ஆண்களின் அலட்சியமே காரணமாகச் சொல்லப்படுகிறது. வேலைநாளின் வேலைநேரத்தில் திறந்திருக்கும் நிலையத்துக்கு நாட்கூலிக்காரர் வந்தால் அந்த நாள் கூலி போய்விடும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, ஞாயிறு பூசை முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமைக் கோயில் பூசைக்குப் பிறகு வைத்துப் பார்க்கட்டும். கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களுக்கு மண்டபங்கள் இருக்கின்றன, கோயில்களுக்கு மடங்கள் இருக்கின்றன, வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. எடை பார்க்கும் தராசும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சில கதிரைகளும் போதும். அங்கே உட்காரப் பயிற்றுவிக்கப்பட வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நாட்டாமைகளின் பிள்ளைகளும், மரைன் டிரைவில் நடக்கும் அந்த அம்மாமாரும்தான்.